வாய்க்கால் கட்டிய பின் வெள்ளம் ஏன் இடம் மாறியது? யாழ்ப்பாணத்தைச் சிக்கலமைப்பாக விளங்கிக்கொள்வது பற்றி

ஒழுங்கைவாசி எழுதியது:

எங்கள் ஒழுங்கை கொக்குவில் பக்கத்தில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது அது மண் ஒழுங்கை. இரு பக்கமும் கிளுவைக் கதியாலில் கட்டிய கிடுகு வேலிகள். மாரியில் கணுக்கால் அளவு வெள்ளம் ஒரு நாளோ இரண்டு நாளோ நின்று, வேலிகளுக்குக் கீழால் வளவுகளுக்குள் பரவி, மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறங்கிவிடும். சேறும் நுளம்பும் எங்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தபடியால், கொங்கிறீற் வீதியும் வாய்க்காலும் வேண்டும் என்று ஊரவர் எல்லோருமாகக் கையொப்பமிட்டு விண்ணப்பித்தோம். அதில் என் கையொப்பமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் இரண்டும் கிடைத்தன. வேலையும் தரமாகவே நடந்தது.

இப்போது எங்கள் வாசலில் வெள்ளம் நிற்பதில்லை. ஆனால் ஒழுங்கையின் தாழ்ந்த முனையில் உள்ள ஏழு வீடுகளுக்குள் ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் புகுகிறது. முன்னர் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததாக எவருக்கும் நினைவில்லை. அது மட்டுமல்ல, ஆவணி வரை தாக்குப்பிடித்த எங்கள் கிணறு இப்போது வைகாசி முடியும்போதே அடி தெரிகிறது. கடைசியாக இறைக்கும் தண்ணீரில் ஓர் உவர்ச்சுவையும் தட்டுகிறது.

நான் சுற்றிச் சுற்றி யோசித்துப் பார்த்தேன். வீதி போட்டவர்கள் பிழை செய்யவில்லை. வேலியை மதிலாக்கியவர்கள் தங்கள் காணிக்குள் தங்கள் காசில் கட்டினார்கள். விண்ணப்பித்த நாங்களும் நியாயமான ஒன்றையே கேட்டோம். தனித்தனியே எல்லாமே சரியாக இருக்க, கூட்டிப் பார்த்தால் பிழையாக வருகிறது. இவ்வாறு நடப்பது ‘சிக்கலமைப்புகள்’ என்று சொல்லப்படுபவற்றின் இயல்பு என்றும், நகரங்கள் அப்படியானவையே என்றும் அண்மையில் வாசித்தேன். அந்தப் பார்வை எங்கள் ஊருக்குப் பொருந்துமா, பொருந்தினால் அதனால் எங்களுக்கு என்ன பயன் என்பதை அறிந்தவர்கள் விளக்கவேண்டும்.

வரைபடம் எழுதியது:

நான் புவியியல் படித்தவள். கேள்வியை நீங்கள் வைத்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது, ஐயா.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தில் இருக்கும் மணிக்கூட்டினுள் பல சில்லுகள் உண்டு. அதைக் கழற்றிப் பூட்டுவது கடினமான வேலைதான். ஆனாலும் ஒவ்வொரு சில்லும் என்ன செய்யும் என்று தெரிந்தால் முழு மணிக்கூடும் என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம். ஒரு சில்லை மாற்றினால் மற்றச் சில்லுகள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளமாட்டா. நகரத்தில் நிலைமை வேறு. வாய்க்கால் வந்ததும் வீட்டுக்காரர் மதில் கட்டுகிறார். மதில் வந்ததும் அயலவர் தம் வளவை மண்போட்டு உயர்த்துகிறார். வளவு உயர்ந்ததும் தண்ணீர் தன் வழியை மாற்றுகிறது. தண்ணீர் வழி மாறியதும் இன்னொருவர் மதில் கட்டுகிறார். ஒவ்வொரு பகுதியும் மற்றதைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வதும், அந்த மாற்றம் திரும்பிவந்து தொடங்கிய இடத்தையே தாக்குவதும்தான் சிக்கலமைப்பின் அடையாளம்.

அமெரிக்கக் கணிதவியலாளர் வாரன் வீவர் 1948 இல் எழுதிய ஒரு கட்டுரையில் அறிவியல் எதிர்கொள்ளும் கேள்விகளை மூன்றாகப் பிரித்தார். இரண்டு மூன்று காரணிகளை மட்டும் கொண்ட எளிய கேள்விகள் ஒரு வகை. ஒரு போத்தலுக்குள் அடைபட்ட வாயுவின் மூலக்கூறுகள்போல எண்ணிலடங்காதவை ஒன்றோடொன்று ஒழுங்கின்றி மோதுவதால், சராசரியைக் கொண்டு கணித்துவிடக்கூடிய கேள்விகள் இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் நடுவே, ஒரு நடுத்தர எண்ணிக்கையான காரணிகள் ஒழுங்கோடு பின்னிப்பிணைந்து நிற்பதால் இரண்டு மூன்று காரணிகளாகவும் உடைக்கமுடியாத, சராசரியாகவும் கரைக்கமுடியாத கேள்விகளை மூன்றாவது வகையாக வைத்தார். உயிரினங்கள் இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தவை. நகரமும் இந்த வகையே என்று 1961 இல் நகரங்களைப் பற்றி எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் வாதிட்டார். நகரத்தை முதல் வகையாக நினைத்து ‘இத்தனை வீட்டுக்கு இவ்வளவு வீதி’ என்று கணக்குப் போட்டவர்களும், இரண்டாம் வகையாக நினைத்து மக்களைப் புள்ளிவிபரமாக மட்டும் பார்த்தவர்களும் ஒரேமாதிரித் தவறினார்கள் என்பது அவருடைய வாதம்.

உங்கள் கிணற்றின் உவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்தவர் இங்கே இருக்கிறார். அவர் வரும்வரை காத்திருக்கலாம்.

பழையமதகு எழுதியது:

தங்கச்சி என்னைத்தான் குறிப்பிடுகிறார் என நினைக்கிறேன். நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றுப் பல காலமாகிவிட்டது. என்றாலும் இந்த விடயத்தைப் பேசாமல் இருக்க என்னால் முடியாது.

எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடி அராலிக் கடலில் விழுந்து, கோடையில் வெறும் தரையாகிவிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,300 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையான சில கிழமைகளுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்சக் காலத்துக்கு நாங்கள் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கு இறைப்பதும், அந்தச் சில கிழமைகளில் நிலத்துக்குள் இறங்கிய தண்ணீரைத்தான். நிலத்துக்குக் கீழே இருப்பது வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல். அந்தக் கல்லின் இடுக்குகளில் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, உவர்நீர் பாரம் கூடியது, ஆகவே மேலது மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருப்பதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கிணறு குடாநாட்டின் வயிற்றைக் காட்டும் ஓர் யன்னல்.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த கைபன் 1888 இலும் ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்ஸ்பேர்க் 1901 இலும் தனித்தனியே எழுதிவைத்தது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும். அதை மறுபக்கமாக வாசித்துப் பாருங்கள். கிணற்றில் மட்டம் 1 அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழிருந்து உவர்நீர் காலப்போக்கில் 40 அடி ஏறிவரும். எங்கள் கல் வெடிப்பு நிறைந்தது என்பதால் இந்தக் கணக்கு இடத்துக்கிடம் கொஞ்சம் பிசகும், ஆனால் போக்கு இதுதான். துலாவில் இறைத்த காலத்தில் ஒரு மனிதனின் தோள்வலி தண்ணீருக்கு அளவுகோலாக இருந்தது. இயந்திரம் வந்தபின் அந்த அளவுகோல் போய்விட்டது. மிதிப்பவரும் அள்ளுபவரும் களைத்தால் நிறுத்துவார்கள், மோட்டர் உவர் வந்தபின்புதான் நிற்கும்.

இனி மேற்பரப்பு. குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கேணிகளும் இருக்கின்றன. அவை தனிக் குளங்கள் அல்ல, ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழிந்து கடைசியில் கடலைச் சேரும் தொடர்கள். வன்னிக் குளம்போல வயலுக்குப் பாய்ச்சுவதற்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. பல குளங்களின் முக்கிய வேலை, மழைத் தண்ணீரைச் சில கிழமை மறித்து வைத்து அயற்கிணறுகளுக்குக் கீழால் ஊட்டுவது. எங்கள் ஆட்கள் கிடுகு வேலிக்குக் கீழே விட்ட இடைவெளி கூட அந்தத் தொடரின் ஒரு கண்ணிதான். ஒழுங்கைவாசி, உங்கள் வாய்க்கால் தண்ணீரை வேகமாகக் கொண்டுபோகிறது. அது வெற்றி என்று நீங்கள் நினைத்தீர்கள். முன்பு இரண்டு நாள் நின்ற வெள்ளம் வெறும் தொல்லையாக நிற்கவில்லை, உங்கள் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டு நின்றது. மேலே வெள்ளமும் கீழே உவரும் இரண்டு பிரச்சினைகள் என்று நினைத்து இரண்டு அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதாதீர்கள். இரண்டும் ஒன்றே.

வடலி எழுதியது:

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள். ஆனால் எனக்கு இந்தச் சொல்லிலேயே ஓர் அச்சம் இருக்கிறது. ‘நகரம் சிக்கலமைப்பு, எவரும் பிழை செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்தது’ என்று சொல்லத் தொடங்கினால், செய்தவர்கள் தப்பிவிடுவார்கள்.

1981 இல் 97,000 நூல்களோடு எங்கள் நூலகம் தானாக எரியவில்லை. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் தாமாக வெளியேறவில்லை, இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்டார்கள். சரியாக 5 ஆண்டுகளுக்குப் பின் அதே ஒக்டோபர் 30 இல், சில இலட்சம் மக்கள் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்ததும் நகரத்தின் உள்ளியல்பால் அல்ல. மாநகர எல்லைக்குள் 1981 இல் ஏறத்தாழ 118,000 பேர் இருந்தார்கள், 2012 இல் ஏறத்தாழ 88,000 பேர். உலகின் பெரும்பாலான நகரங்கள் வளர்ந்த முப்பது ஆண்டுகளில் எங்கள் நகரம் கால்வாசி சுருங்கியது. இதற்குக் காரணம் தேடச் சிக்கல் அறிவியல் தேவையில்லை.

இன்னும் ஒன்று. யார் எங்கே குடியிருப்பது, யார் எந்தக் கிணற்றில் அள்ளுவது என்பதைச் சாதி தீர்மானித்த ஊர் இது. பள்ளக் காணிகளில், வெள்ளம் வந்து நிற்கும் இடங்களில் யார் குடியிருத்தப்பட்டார்கள் என்று ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, பிறகு சொல்லுங்கள் எவரும் பிழை செய்யவில்லை என்று.

ஒழுங்கைவாசி எழுதியது:

வடலி, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு நேற்று முழுவதும் யோசனையாக இருந்தேன். தாழ்ந்த முனையில் இருக்கும் அந்த ஏழு வீடுகளைப் பற்றி எழுதும்போது, அங்கே யார் இருக்கிறார்கள் என்பதை நான் எழுதவில்லை. எழுதாமல் விட்டது ஏன் என்று என்னையே கேட்டேன். நீங்கள் ஊகித்தது சரி.

வரைபடம் எழுதியது:

வடலி அண்ணாவின் எதிர்ப்பு மிகவும் முக்கியமானது, அதை ஒரு பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போகக்கூடாது. இந்தத் துறைக்குள்ளேயே அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல உரைகல் இருக்கிறது.

தோமஸ் ஷெலிங் என்ற பொருளியலாளர் 1971 இல் ஒரு மாதிரியை வெளியிட்டார். ஒரு பலகையில் இரண்டு நிறக் காசுகளைக் கலந்து பரப்பி, ஒவ்வொரு காசும் தன் அயலில் மூன்றில் ஒரு பங்காவது தன் நிறமாக இருந்தால் போதும், இல்லாவிட்டால் இடம் மாறும் என்று விதி வைத்தால், சிறிது நேரத்தில் பலகை பெரும்பாலும் ஒரே நிறக் கூட்டங்களாகப் பிரிந்துவிடும். எவருமே கடும் பிரிவினையை விரும்பாதபோதும் கடும் பிரிவினை உருவாகலாம் என்பது அதிலிருந்து பெறப்பட்ட பாடம். ஆனால் யாழ்ப்பாணத்தை விளக்க இந்த மாதிரியை எடுத்தால் அது பொய்யாகிவிடும். இங்கே காசுகள் தம் விருப்பப்படி நகரவில்லை. நகரக்கூடாது என்று அடக்கிவைக்கப்பட்டன. 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளுக்குள் நுழைவதற்கும், 1968 இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் நுழைவதற்கும் மக்கள் போராடவேண்டியிருந்தது என்றால், அந்தப் பிரிவினை மெல்லிய விருப்பங்களின் கூட்டுத்தொகை அல்ல. ஆகவே ஒரு நகரத்தில் எது தானாக உருவானது, எது திணிக்கப்பட்டது என்று பிரித்துக் கேட்கத் தெரியாதவர்கள் இந்தக் கருவியைக் கையில் எடுக்கவே கூடாது என்று நான் கருதுகிறேன்.

அதே வேளை, அடி வெளியிலிருந்து விழுந்தாலும் அது உள்ளே பரவும் விதம் அமைப்பைப் பொறுத்தது. 1990 இல் முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகதெருவை வெறுமையாக்கியபோது ஒரு சமூகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியோடு நகரத்தின் நரம்புகளில் ஒரு பகுதியும் அறுந்தது. இரும்புக் கடைகளும் தையலும் இன்னும் எத்தனையோ தொழில்களும், அவற்றோடு பல தலைமுறைக் கடன்–நாணய உறவுகளும் ஒரே நாளில் இல்லாமற்போயின. பின்னர் கடைகள் திறக்கப்பட்டன. அந்த உறவுகள் அவ்வளவு எளிதில் திரும்பவில்லை. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம், நூலகத்தையும் கட்டினோம். ஆனால் உறவுகளின் வலையைக் கட்டட ஒப்பந்தத்தில் சேர்க்கமுடியாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். 1990 முதல் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, புகையிரதம் இல்லை. ஒரு பொறியியலாளர் தாளில் கணக்குப் போட்டிருந்தால் இந்த நகரம் ஒரு மாதத்தில் நின்றுவிடும் என்றுதான் எழுதியிருப்பார். நிற்கவில்லை. துவிச்சக்கர வண்டியே பாரவண்டியும் நோயாளர் வண்டியும் ஆயிற்று. அதன் டைனமோவில் வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளைச் சிறிது பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் பல்கலைக்கழகம் போனார்கள். எந்த அலுவலகமும் இதைத் திட்டமிடவில்லை. ஆயிரக்கணக்கானோர் தத்தம் தேவைக்குக் கண்டுபிடித்ததை அயலவர் பார்த்துப் பழகியதால் வந்தது அது. அந்த வாழ்வைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை, அதன் விலையைக் கொடுத்தவர்கள் எங்கள் பெற்றோர். நகரம் ஒரு பொருளாக இருந்திருந்தால் உடைந்திருக்கும் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

கடல்கடந்தவன் எழுதியது:

ஸ்காபரோவிலிருந்து எழுதுகிறேன். இணுவிலில் எங்கள் வீடு பூட்டியிருக்கிறது. அதனால் எனக்கும் இந்த உரையாடலில் ஒரு பங்கு இருக்கிறது என்று நம்புகிறேன்.

2007 இல் லூயிஸ் பெற்றன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ற் முதலிய ஆய்வாளர்கள் பல நாட்டு நகரங்களின் தரவுகளை ஒப்பிட்டு ஓர் ஒழுங்கைக் காட்டினார்கள். நகரின் மக்கள்தொகை இரட்டித்தால் வீதியின் நீளம், மின்கம்பி போன்றவற்றின் தேவை தலைக்கு ஏறத்தாழ 10 வீதம் குறைகிறது. வருமானம், புத்தாக்கம், அவற்றோடு குற்றமும் தொற்றுநோயும் தலைக்கு அதேயளவு கூடுகின்றன. மனிதர் சந்திக்கும் வாய்ப்புகள் பெருகுவதே காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். அதை வாசித்தபோது எனக்கு எழுந்த கேள்வி இதுதான்: யாழ்ப்பாணத்தின் மக்கள்தொகை என்று எதை எழுதுவது? நான் அந்தக் கணக்கில் இருக்கிறேனா? அங்கே நான் வீதியில் நடப்பதில்லை, கிணற்றில் அள்ளுவதில்லை. ஆனால் அங்கே ஒரு பரப்புக் காணி என்ன விலை போகும் என்பதை ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வேலை செய்பவர்களின் சம்பளம் தீர்மானிக்கிறது. அங்கே சம்பளம் எடுக்கும் ஓர் ஆசிரியர் அந்த விலையில் காணி வாங்கமுடியாமல் தோட்டக்காணிகளுக்குள் வீடு கட்டப் போகிறார். செம்மண் தோட்டம் ஒன்று வீடாகிறது.

எங்கள் பூட்டிய வீட்டைப் பற்றி நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன், குறைந்தது தண்ணீரையாவது எவரும் எடுக்கவில்லையே என்று. பழையமதகு ஐயா எழுதியதை வாசித்தபின்தான் ஒன்று விளங்கியது. பராமரிக்க ஆள் இல்லை என்பதால், புல் முளைக்காமல் இருக்க முற்றம் முழுவதும் சீமெந்து போடச் சொல்லிக் காசு அனுப்பியவன் நான். சுற்றிவர மதிலும் என் காசுதான். அந்த வளவில் விழும் மழையில் ஒரு துளிகூடக் கீழே இறங்குவதில்லை. அவ்வளவும் ஒழுங்கைக்குப் போகிறது.

கடைவாசல் எழுதியது:

திருநெல்வேலியில் சிறிய புத்தகக் கடை வைத்திருக்கிறேன். பெரிய ஆய்வுகள் எனக்குத் தெரியா. கடை வாசலில் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

ரியூசன் நிலையம் ஒன்று திறந்தால், முதலில் பிரதி எடுக்கும் கடை வரும். பிறகு ரோல்ஸும் தேநீரும் விற்கும் கடை, பிறகு துவிச்சக்கர வண்டி திருத்துபவர், பிறகு இன்னொரு ரியூசன் நிலையம். எவரும் கூடிப் பேசித் தீர்மானிப்பதில்லை. பிள்ளைகள் ஒரு ஆசிரியரிடமிருந்து அடுத்தவரிடம் 10 நிமிடத்துக்குள் போகவேண்டும் என்ற ஒரே தேவைதான் எல்லாவற்றையும் ஒரே வீதிக்கு இழுக்கிறது. அதனால்தான் மாலை நேரத்தில் அந்த வீதியால் எவரும் போகமுடிவதில்லை.

நல்லூர்த் திருவிழாவைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆண்டுதோறும் 25 நாள் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனங்கள் நிறுத்தப்படுகின்றன, அதுவும் நகரத்துக்குள் அதிகமான மக்கள் வரும் நாட்களில். முதல் இரண்டு மூன்று நாள் குழப்பம். பிறகு வாகனங்கள் தங்கள் வழியைத் தாமே கண்டுபிடிக்கின்றன. சுற்றியுள்ள வீதிகளில் வியாபாரம் நன்றாக நடக்கிறது, முதியவர்கள் வீதியின் நடுவே நிம்மதியாக நடக்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள். 26 ஆம் நாள் எல்லாம் பழையபடி. ஒவ்வோர் ஆண்டும் எங்கள் கண்முன்னே நடக்கும் இவ்வளவு பெரிய பரிசோதனையின் முடிவை எவரும் குறித்து வைப்பதில்லையே என்பதுதான் என் மனக்குறை.

வரைபடம் எழுதியது:

கடைவாசல் அண்ணா, நீங்கள் கண்ட இரண்டாவது விடயத்துக்கு அறிவியலில் ஒரு துணை இருக்கிறது. புதிதாக ஒரு வீதியைத் திறப்பதால் எல்லோருடைய பயண நேரமும் கூடிவிடலாம் என்பதை டீற்றிஷ் பிராய்ஸ் என்ற ஜேர்மனியக் கணிதவியலாளர் 1968 இல் நிறுவினார். ஒவ்வொருவரும் தனக்கு விரைவான வழியைத் தெரிவதால் எல்லோரும் ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறார்கள். சியோல் நகரின் நடுவே ஓர் ஆற்றின்மேல் கட்டியிருந்த உயர்வீதியை 2003 இல் இடிக்கத் தொடங்கி, 2005 இல் ஆற்றைத் திறந்துவிட்டார்கள். நகரம் ஸ்தம்பித்துவிடும் என்று பயந்தார்கள், அப்படி நடக்கவில்லை. வீதியும் வாய்க்காலும் தொடர்பற்றவை என்று நினைக்கும் எங்களுக்கு அந்த இடம் ஒரு நல்ல உதாரணம்.

பழையமதகு எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். ‘அப்படியானால் என்ன செய்வது’ என்று எவராவது கேட்பார்கள் என்பதால் இரண்டு விடயம் எழுதுகிறேன்.

முதலாவது, நகரத்தின் எல்லை மாநகர சபையின் எல்லையோடு முடிவதில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அது அவர்களுடைய சிறுபோக நெல்லுக்கான தண்ணீர். அதன் பிறகுதான் கடல்நீரை நன்னீராக்கும் வழிக்குப் போனோம். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடிய நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அது தேவையானது. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழிகளும் காரணம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்தத் தண்ணீரைக் கொடுக்கமுடியாது. ஆனால் குழாய்த் தண்ணீர் வந்ததும் கிணற்றை மறந்துவிட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். குடிக்காத கிணற்றை எவரும் காக்கமாட்டார்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே தூரம் பார்க்கமாட்டார்கள், குளத்தைத் தூர்ப்பதைத் தடுக்கமாட்டார்கள். குழாய் வழியே வந்த தண்ணீரும் கடைசியில் அந்தக் குழிகளுக்குத்தான் போகும், நகரத்துக்கு ஒருங்கிணைந்த கழிவுநீர்க் குழாய் அமைப்பு இல்லையே.

இரண்டாவது, பெரிய திட்டத்தைவிடச் சிறிய திருத்தம். பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் உயிரியல் படித்துவிட்டு நகரத் திட்டமிடலுக்கு வந்தவர். 1915 அளவில் சென்னை மாகாண நகரங்களையும் 1921 இல் கொழும்பையும் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். பழைய குடியிருப்புகளை இடித்து நேர் வீதி போடும் திட்டங்களை எதிர்த்து, சத்திரசிகிச்சை நிபுணர் தேவையான இடத்தில் மட்டும் வெட்டுவதுபோல வேலை செய்யச் சொன்னார். நுளம்பைக் காட்டி நகரக் குளங்களைத் தூர்க்க முற்பட்டபோது, தூர்க்கவேண்டாம், துப்புரவாக்கி மீன் விடுங்கள், தாரா விடுங்கள் என்றார். நூறு ஆண்டு கழித்து நாங்கள் ஆரியகுளத்தைத் துப்புரவாக்கி அழகுபடுத்தினோம். அது நல்ல வேலை. ஆனால் ஒரு குளத்துக்கு நடைபாதையும் விளக்கும் போடுவது ஒன்று, அதற்குத் தண்ணீர் வரும் வாய்க்காலையும் அதிலிருந்து வழியும் வாய்க்காலையும் திறந்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதைப் படம் எடுத்துப் போடமுடியாது. அதனால்தான் அதற்குக் காசு கிடைப்பதில்லை.

ஒழுங்கைவாசி, நீங்கள் வாய்க்காலை உடைக்கவேண்டியதில்லை. அதன் அடித்தளத்தில் சீமெந்து இல்லாத ஊறுகுழிகளை இடைக்கிடை வைக்கலாம். மதில்களின் அடியில் துளை விடலாம். ஆனால் அதற்கு முன் மேலே நடந்துபோய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மலசலகூடக் குழிக்கு அருகில் ஊறுகுழி வெட்டிவிடாதீர்கள்.

வடலி எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. மேல்முனையில் இருப்பவர்களுடைய மதிலில் துளை விடும்படி கேட்கும் உரிமை தாழ்முனையில் இருப்பவர்களுக்கு நடைமுறையில் இருக்கவேண்டும். அவர்கள் போய்க் கேட்டால் வாசலிலேயே நிறுத்திப் பேசுவார்கள் என்றால், அங்கே அடைபட்டிருப்பது தண்ணீர் மட்டுமல்ல. அந்த அடைப்பையும் உங்கள் வரைபடத்தில் குறியுங்கள்.

ஒழுங்கைவாசி எழுதியது:

கடந்த மூன்று கிழமையாக இங்கே எழுதாமல் இருந்ததற்குக் காரணம், பழையமதகு ஐயா சொன்னபடி நடந்துகொண்டிருந்தேன்.

தாழ்முனையில் இருக்கும் ஏழு வீடுகளில் ஒன்றில் வாழும் அம்மாவையும் அவருடைய மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. எந்த மழையில் எந்தப் பக்கத்தால் முதலில் தண்ணீர் வரும், எத்தனை மணித்தியாலத்தில் படியைத் தொடும் என்று அந்த அம்மா பிசகாமல் சொன்னார். நாங்கள் விண்ணப்பம் எழுதிய நாளில் அவர்களிடம் கையொப்பம் வாங்கப் போனோமே தவிர, எதுவும் கேட்கவில்லை.

மேல்முனையில் ஒரு கேணி இருந்த இடத்தைக் கண்டோம். அது இப்போது பூட்டிய ஒரு வீட்டின் முற்றம். அதற்கு வழிந்து வந்த பழைய வாய்க்காலின் பொழிகல் சுவர், மூன்று வளவுகளின் மதில்களுக்கு அடியில் துண்டு துண்டாகத் தெரிகிறது. மூன்றாவது மதில் எங்களுடையது. என் தகப்பனார் வேலியை எடுத்துவிட்டுக் கட்டியது. அது கட்டப்பட்ட நாளில் நான் கல் தூக்கிக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மதிலின் அடியில் நான்கு இடத்தில் துளை போட்டோம். அந்தப் பொடியன்தான் எந்த இடத்தில் போடவேண்டும் என்று காட்டினான். மற்ற இரண்டு வீட்டில் ஒருவர் சம்மதித்துவிட்டார். மற்றவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பூட்டிய வீட்டின் உரிமையாளர் பிரான்சில் இருப்பதாகச் சொல்கிறார்கள். தொலைபேசி இலக்கம் தேடுகிறோம். கிணற்றுக் கட்டில் ஒரு அளவுகோலைக் கீறி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பறுவத்தன்றும் மட்டத்தைக் குறித்து, அதே நாளில் தாழ்முனையில் அந்த அம்மாவின் கிணற்று மட்டத்தையும் வாங்கி, இரண்டையும் இங்கே பதிவேன். ஐப்பசிக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.